கல்லூரி மூடிவிட்டது, கட்டிய காசு என்னாகும்?

கேள்வி: மகள் உயர்தரம் முடித்துவிட்டு மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் நிறுவனத்தில் 18 மாதக் கணினி டிப்ளோமா படித்தாள். மொத்தக் கட்டணம் 480,000 ரூபாய். சேரும்போது என் காப்பை அடகு வைத்து 90,000 ரூபாயைக் கையில் கொடுத்தேன். தம்பி 150,000 ரூபாயைத் தன் கடனட்டையில் 12 மாதத் தவணையில் போட்டான். மிச்சத்துக்கு 80,000 ரூபாய்ப்படி மூன்று பிற்திகதிக் காசோலைகள் கொடுத்தான், ஒன்று மாறிவிட்டது. ஏழு மாதம் வகுப்பு நடந்தது. போன மாதம் ‘திருத்த வேலை’ என்று வாசலில் ஒரு அட்டை தொங்கியது. இப்போது கட்டடமே வாடகைக்கு என்கிறார்கள், வாட்ஸ்அப் குழுவையும் கலைத்துவிட்டார்கள். காசைத் திரும்ப எடுக்க வழி உண்டா? மிச்சத்தையும் கட்ட வேண்டுமா? கணவர் கட்டாரில் இருக்கிறார்.
– ஒரு தாய், ஆரையம்பதி

பதில்: அக்கா, முதல் வேலை அந்த இரண்டு காசோலைகள். நாளைக்கே தம்பியை வங்கிக் கிளைக்குப் போகச் சொல்லுங்கள். காசோலை இலக்கங்களைக் குறிப்பிட்டு, கொடுப்பனவை நிறுத்தும்படி எழுத்தில் கொடுத்து, பிரதியில் முத்திரை குத்தி வாங்கட்டும். கணக்கைக் காலியாக விட்டால் காசோலை தானே திரும்பும் என்று இருந்துவிட வேண்டாம். காசில்லாமல் திரும்பினால் வில்லங்கம் தம்பிக்குத்தான். ‘வகுப்பு நிறுத்தப்பட்டதால்’ என்று காரணத்தையும் எழுதினால் பின்னால் அதுவே ஒரு சாட்சி.

அடுத்தது கடனட்டை. உண்மையில் காசு திரும்பி வரக்கூடிய பலமான வழி இதுதான். தவணைத் திட்டம் என்றால் வங்கி 150,000 ரூபாயையும் நிறுவனத்துக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டு, உங்களிடம் மாதாமாதம் அறவிடுகிறது. அதனால் கல்லூரி மூடியது என்று தவணையை நிறுத்தினால் வட்டியும் தாமதக் கட்டணமும் தம்பியின் தலையில் ஏறும். அவன் செய்ய வேண்டியது, அட்டை கொடுத்த வங்கியில் ‘பணம் கட்டிய சேவை கிடைக்கவில்லை’ என்று எழுத்தில் மறுப்புக் கொடுப்பது. வங்கிக்காரர் இதைச் சார்ஜ்பேக் என்பார்கள். விசா, மாஸ்டர்கார்ட் இரண்டிலும் இதற்குப் பொதுவாக 120 நாள் அளவுதான் அவகாசம். அந்த நாளை எதிலிருந்து எண்ணுவது என்பதில் வங்கி வாதாடலாம். வகுப்பு நின்ற திகதியிலிருந்து எண்ணும்படி கேளுங்கள். வாசல் அட்டையின் படம், வாட்ஸ்அப் செய்திகளின் படம், கட்டண ரசீது, நேர அட்டவணை எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். குழு கலைந்தாலும் மகளின் போனில் பழைய செய்திகள் கிடக்கும். அவற்றை அழியாமல் இன்றே எடுத்து வையுங்கள்.

எவ்வளவு கேட்பது? கணக்கு இப்படி. 480,000 ரூபாயை 18 மாதத்தால் பிரித்தால் மாதம் 26,667. ஏழு மாதத்துக்கு 186,667. நீங்கள் இதுவரை கட்டியது 320,000. ஆக, நடக்காத வகுப்புக்குப் போனது 133,333 ரூபாய். மிச்சக் காசோலை இரண்டும் மாறியிருந்தால் இது 293,333 ஆகியிருக்கும். சான்றிதழ் இல்லாத அரைப் படிப்பால் என்ன பிரயோசனம், முழுக் காசையும் கேட்கலாமே என்று தோன்றும். அந்த ஆத்திரம் நியாயம்தான். ஆனாலும் வங்கியோ மத்தியஸ்த சபையோ இலகுவில் மறுக்க முடியாதது இந்த 133,333. அதை முதலில் எழுதி, மேற்கொண்டு கேட்பதைத் தனிப் பந்தியாகப் போடுங்கள்.

கையில் கொடுத்த 90,000 ரூபாய் விடயத்தில் உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. அவுஸ்திரேலியாவில் கல்லூரி மூடினால் வெளிநாட்டு மாணவருக்கு வேறு இடம் தேடிக் கொடுக்கவோ கட்டணத்தைத் திருப்பவோ 2012இலிருந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. கல்லூரிகள் கட்டும் பணத்தில் அது நடக்கிறது. நம் நாட்டில் அப்படி ஒரு நிதி இல்லை. தொழிற்கல்வி நிறுவனங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிய வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது, ஆனால் அந்தப் பதிவு உங்கள் காசுக்குப் பிணை அல்ல. நிறுவனம் கம்பனியாக இருந்து கலைக்கப்பட்டால், ஊழியர் சம்பளமும் சேமலாப நிதியும் வரியும் முந்திக்கொள்ளும். மாணவர் பிணையின்றிக் கடன் கொடுத்தவர்களின் வரிசையில், கடைசியில்தான் நிற்பார்கள். கம்பனி இல்லாமல் ஒருவரின் தனி வியாபாரமாகப் பதிந்திருந்தால் நிலைமை கொஞ்சம் மேல், அந்த உரிமையாளரின் சொந்தச் சொத்தும் பொறுப்புக்கு வரும். எனவே ரசீதில் இருக்கும் பெயரைப் பாருங்கள். கம்பனி என்றால் கம்பனிப் பதிவாளரின் இணையத்தளத்திலும், தனி வியாபாரம் என்றால் பிரதேச செயலகத்திலும் விசாரிக்கலாம்.

இதோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், 1977 என்ற இலக்கத்தில் வழி கேட்கலாம். சேவை கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். மத்தியஸ்த சபைக்கும் விண்ணப்பிக்கலாம், அங்கே சட்டத்தரணி தேவையில்லை. மற்றப் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு போனால் பலம் கூடும். மூடப் போகிறோம் என்று தெரிந்தே கடைசி மாதத்தில் புதிதாகக் காசு வாங்கியிருந்தால் அது பொலிஸ் முறைப்பாட்டுக்கும் உரிய மோசடி. வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இருந்தால் ஆறு வருடம், வாய்ப்பேச்சு மட்டும் என்றால் மூன்று வருடம் வரை வழக்குப் போடலாம்.

காப்பைப் பற்றியும் ஒரு சொல். கல்லூரிக் காசு வந்ததும் மீட்கலாம் என்று அடகை நீட்டிக்கொண்டே போகாதீர்கள். நிறுத்திய 160,000 ரூபாய் இப்போது உங்கள் கையில்தான் இருக்கிறது. அதிலிருந்தே முதலில் நகையை மீட்டுவிடுங்கள். கட்டாரிலிருந்து வரும் காசைத் தம்பியின் அட்டைத் தவணைக்கு ஒதுக்குங்கள். மறுப்பு வெற்றி பெற்றால் அவ்வளவும் இலாபம்.

மகளின் ஏழு மாத உழைப்பும் ஒரு சொத்துத்தான். இப்போதைக்குக் காசை விட அதைக் காப்பாற்றுவது சுலபம். பியர்சன் போன்ற வெளிநாட்டு அமைப்பின் டிப்ளோமா என்றால், மகள் உண்மையிலேயே அங்கே பதியப்பட்டாளா என்று பதிவிலக்கத்தோடு அந்த அமைப்பிடமே நேரே மின்னஞ்சலில் கேளுங்கள். பதிந்திருந்தால், முடித்த பாடங்களோடு வேறு நிலையத்துக்கு மாறலாமா என்றும் கேளுங்கள். தேசிய தொழிற்தகைமைப் பாடநெறி என்றால், நிறுவனம் பதியப்பட்டது வேறு, அந்தப் பாடநெறி அங்கீகாரம் பெற்றது வேறு. இரண்டையும் மேலே சொன்ன தொழிற்கல்வி ஆணைக்குழுவில் கேட்டுப் பாருங்கள். படிப்பித்த ஆசிரியர்கள் ஊரைவிட்டுப் போக முன் புள்ளிகளுக்கும் வரவுக்கும் அவர்கள் கையொப்பம் வாங்கி வையுங்கள்.

ஒன்றும் ஒப்பேறாவிட்டால், கோவில்குளத்தில் உயர் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, உங்களுக்குக் கூப்பிடு தூரம். அது அரசாங்கத்துடையது, முழுநேர உயர் தேசிய டிப்ளோமாவுக்கு வகுப்புக் கட்டணம் கிடையாது. உயர்தரப் பெறுபேற்றோடு அடுத்த விண்ணப்பத்துக்குப் போடுங்கள். திரும்பவும் தனியார் இடம்தான் என்றால் ஒரு தவணைக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள். கம்பனி பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே கட்டுங்கள், பிற்திகதிக் காசோலை வேண்டாம். இடையில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பும் என்பதை நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட கடிதத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதை எழுதத் தயங்குகிற இடத்தில் மகளைச் சேர்க்க வேண்டாம், அக்கா.