அம்மா சொல்வதாக நான் எழுதிய கதை

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

என் அம்மாவுக்கு வயது 81. அல்சைமர் நோய் என்று மருத்துவர் சொல்லி 3 ஆண்டுகள் ஆகின்றன. பகலெல்லாம் அவரைக் கவனித்துக்கொண்டு, அவர் உறங்கிய பின் இரவுகளில் ஒரு சிறுகதை எழுதினேன். அவரே 'நான்' என்று சொல்லிச் செல்லும் கதை அது. தன் நினைவுகள் உதிர்வதை உணரும் அந்த முதியவள், மகளின் பெயரை மறந்ததற்காக மனத்துக்குள் அழுகிறாள். படித்த என் அண்ணன், "அம்மாவின் வாயில் உன் சொற்களைத் திணித்திருக்கிறாய்" என்று கடிந்துகொண்டார். நேற்றோ, தன் வளையல்களை நான்தான் திருடினேன் என்றார் அம்மா. அவை அவருடைய தலையணை உறைக்குள் இருந்தன. என் கதையில் வரும் அம்மா அப்படிச் சொல்லவே மாட்டார். நான் எழுதியது அவரையா, எனக்கு வேண்டிய வேறொருவரையா?

- ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அண்ணனின் கோபத்தை ஒதுக்கி வைப்போம். பிறர் மனத்துக்குள் நின்று எழுதுவது குற்றமென்றால் கதை என்ற ஒன்றே இருந்திருக்காது. உங்கள் கேள்விதான் கனமானது.

தான் மறக்கிறோம் என்ற அறிதல் நோயின் தொடக்கத்தில் பலருக்கு உண்டு. முற்ற முற்ற, அந்த அறிதலே பலரிடம் மங்கிவிடுகிறது. அப்போது உள்ளிருப்பவருக்குத் தன் நினைவின் ஓட்டை தெரியாது, உலகம்தான் முறை தவறியதாகத் தெரியும். புதியவற்றைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி இந்நோயில் வெகு முன்னதாகவே பழுதுபடுவதால், வளையலைத் தலையணைக்குள் வைத்தது அவரிடம் பதிந்தே இருக்காது. வழக்கமான இடத்தில் வளையல் இல்லை. அறைக்கு வந்துபோனவர் நீங்கள். இவ்விரண்டை மட்டும் வைத்துக்கொண்டு யோசித்தால் யாரும் அந்த முடிவுக்குத்தான் வருவார்கள். நினைவில்லாத இடத்தை மூளை தானே ஒரு கதையால் நிரப்பிக்கொள்வதும் உண்டு. அதைச் சொல்பவர் பொய் சொல்வதில்லை. ஒருவகையில் உங்கள் வீட்டில் கதை சொல்பவர்கள் இருவர்.

மகளின் பெயரை மறந்ததற்காக அழும் அந்தப் பெண் நீங்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மாவிடமிருந்து இனி வராத ஓர் ஆறுதலை அவர் குரலிலேயே எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி வளையல் காணவில்லை என்றால், "நான் எடுக்கவில்லை" என்று வாதாடாமல், "வாம்மா, சேர்ந்து தேடலாம்" என்று சொல்லிப் பாருங்கள். ஹிப்போகாம்பஸ் பழுதுற்ற சிலரிடம் நடத்தி 2010இல் வெளியான ஓர் ஆய்வில், பார்த்த படக்காட்சி மறந்துபோன பின்னும் அது எழுப்பிய துயரம் அவர்களிடம் நீடித்தது. உங்கள் வாதம் அவருக்கு நினைவிருக்காது; அதன் கசப்பு தங்கிவிடக்கூடும். ஆனால் ஓரிரு நாளில் குழப்பம் திடீரென்று கூடினால், சிறுநீர்த் தொற்றோ, உடலில் நீர் குறைந்ததோ, புதிய மருந்தோ காரணமாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கதையைக் கிழித்துவிட வேண்டாம். அந்த வளையல் காட்சியை அவர் சொல்வதாகவே ஒருமுறை எழுதிப் பாருங்கள். அதில் எந்த வரியிலும் தான் மறந்துவிட்டதாக அவர் நினைக்கக் கூடாது. அறைக்குள் வரும் பெண் யாரென்றும் அவருக்கு உறுதியாகத் தெரியக் கூடாது.