விமர்சகர் கேவலமா கதைச்சா டீவி, ரேடியோ கம்பெனியப் பொறுப்பாக்கேலுமா? அது அவர்ட சொந்தக் கருத்துதானே?

ஏலும், ஆக்கத்தான் வேணும். சொந்தக் கருத்தெண்டா வீட்டு விறாந்தையில இருந்து சொல்லட்டும், யார் தடுத்தா. அந்த ஆளத் தேடிக் கூப்பிட்டு மைக்கக் குடுத்தது கம்பெனி, அவர் கதைக்கிறதுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் விளம்பரம் போட்டுக் காசு எடுத்தது கம்பெனி, பிறகு பிரச்சினை வந்தா மட்டும் எங்களுக்குச் சம்பந்தமில்ல எண்டு கைய விரிக்கிறது என்ன நியாயம்?

எங்கட நாட்டில நடந்த ஒண்டச் சொல்றன். 2006 ஆகஸ்ட், கொழும்பு பி. சரா மைதானத்தில தென்னாபிரிக்காவோட டெஸ்ட் மேட்ச். அவங்கட ஹஷிம் அம்லா எங்கட சங்கக்காரட கேட்சப் பிடிக்கிறார். கமென்ட்ரியில இருந்த அவுஸ்திரேலியாக்காரர் டீன் ஜோன்ஸ், விளம்பரம் போகுது, யாருக்கும் கேக்காது எண்டு நினைச்சு, பயங்கரவாதிக்கு இன்னொரு விக்கெட் எண்டு சொல்லிட்டார். அம்லா தாடி வச்ச முஸ்லிம், அவ்வளவுதான் காரணம். தென்னாபிரிக்காவுக்குப் போன ஒளிபரப்பில அந்த இடத்தில விளம்பரம் இல்லாததால அப்பிடியே வெளிய கேட்டுட்டுது. அவர வேலைக்கு வச்சிருந்த டென் ஸ்போர்ட்ஸ் சேனல் உடனே ஆள நிப்பாட்டினாங்க, அவரும் மன்னிப்புக் கேட்டார். அதே கிழமை இஞ்ச திருகோணமலைப் பக்கம் மூதூரில சண்டை, சனம் உடுத்த உடுப்போட கந்தளாய்ப் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தது, அந்த நாளில செய்தியில எங்கட ஊர் ஆக்களப் பத்தி எவ்வளவோ கதைச்சாங்க, அதுக்காக ஒரு சேனல் ஒருத்தர நிப்பாட்டினதா எனக்கு ஞாபகமில்ல. ஆள் பெரிய ஆளா இருந்து, கேக்கிறதுக்குப் பின்னால ஒரு நாடும் இருந்தாத்தான் கம்பெனிக்குக் காது கேக்கும்போல எண்டு அப்பவே நினைச்சன்.

எங்கட சொந்த அனுபவத்துக்கு வாறன். திருகோணமலை அன்புவழிபுரத்தில அக்கா தையல் கடை வச்சிருக்கிறா, நான் கணக்கு வழக்குப் பாக்கிறன், காலையில இருந்து ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும். போன வருசம் ஒரு காலை நிகழ்ச்சி, சேனல்ட பேர் வேணாம், சமூக விமர்சகர் எண்டு கூப்பிட்டு வச்ச ஒருத்தர் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போற பொம்பளைகளப் பத்தித் தொடங்கி, அங்க போய் என்ன செய்றாங்க எண்டு எல்லாருக்கும் தெரியுந்தானே எண்டு சிரிச்சார், அறிவிப்பாளரும் சேர்ந்து சிரிச்சார், அடுத்தது பாட்டு. கடையில வேலை செய்ற பிள்ளை ஒண்டு, அவட அம்மா குவைத்தில வருசக்கணக்கா வேற வீட்டுப் பிள்ளைகளக் குளிப்பாட்டிச் சோறூட்டித்தான் இவளப் படிக்க வச்சவ, வீட்டுக்கு ஓடு போட்டவ. பிள்ளை ஒண்டும் கதைக்கேல்ல. தச்சுக்கொண்டிருந்த பிளவுஸ் கைய ஊசியோட மெசின்லயே விட்டுட்டு எழும்பிப் போய் முகம் கழுவினா, திரும்பி வந்து குனிஞ்ச தலை நிமிராம மற்றக் கையத் தச்சா. கிண்ணியா, மூதூர், எங்கட பக்கம், எங்க பாத்தாலும் அப்பிடிப் போய் வந்த ஒரு பொம்பள இல்லாத தெரு இல்ல.

அக்கா ஸ்டேஷனுக்கு போன் எடுத்தா. எடுத்தவங்க மரியாதையாத்தான் கதைச்சாங்க, ஆனா "அது விருந்தினர்ட தனிப்பட்ட கருத்து மேடம்" எண்டதத் தாண்டி ஒண்டுமில்ல. கடிதம் போட்டம், பதிலே இல்ல. பிறகுதான் அந்த நிகழ்ச்சிக்கு அனுசரணை குடுக்கிற கம்பெனிக்கு எழுதினம். கடைப் பிள்ளைகளும் துணி தைக்கக் குடுக்க வந்த ஆக்களும் கையெழுத்து வச்சாங்க, நாங்க உங்கட சாமான் வாங்குற ஆக்கள், எங்கட அம்மாமாரக் கேவலப்படுத்தத்தான் எங்கட காசு போகுதா எண்டு கேட்டிருந்தம். அங்க இருந்து ஒருத்தர் கூப்பிட்டு என்ன திகதி, எத்தின மணி எண்டு விசாரிச்சார். அந்த விமர்சகர் பிறகு அந்த நிகழ்ச்சிக்கு வரேல்ல. ஆனா ரேடியோவில ஒரு சொல் மன்னிப்பு இல்ல, ஆள மாத்தி நிகழ்ச்சி அப்பிடியே போகுது, அந்தப் பிள்ளை கேட்டது கேட்டதுதான். எனக்கு இண்டைக்கும் அதுதான் ஆத்திரம்.

அமெரிக்காவிலயும் இதே கதைதான். 2007 ஏப்ரலில டொன் ஐமஸ் எண்ட ரேடியோக்காரர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து டீமப் பத்தி, பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள், வாயால சொல்லேலாத மாதிரிக் கதைச்சார். முதல்ல ரெண்டு கிழமை இடைநிறுத்தம் எண்டுதான் அறிவிச்சாங்க. பிராக்டர் அண்ட் கேம்பிள், ஜெனரல் மோட்டார்ஸ் மாதிரிப் பெரிய கம்பெனிகள் விளம்பரத்த எடுக்கத் தொடங்கினாப் பிறகுதான் அத டீவியில காட்டின எம்எஸ்என்பிசி நிகழ்ச்சிய நிப்பாட்டிச்சு, அடுத்த நாள் ரேடியோவில நடத்தின சிபிஎஸ் ஆளையே தூக்கிச்சு. அதே வருசம் டிசம்பரில வேற ஸ்டேஷன்ல வந்து குந்திட்டார். ஆளத் தூக்கிறதோட விட்டா இதுதான் நடக்கும்.

பிரிட்டனில லைசன்ஸ் எடுத்த சேனல்தான் பதில் சொல்லணும், பார்க்கிறதுக்கு ஒஃப்கொம் எண்டு ஒரு அமைப்பு இருக்கு. 2023 செப்டம்பரில ஜிபி நியூஸ் எண்ட சேனல்ல கதைக்க வந்த நடிகர் லாரன்ஸ் ஃபொக்ஸ் ஒரு பெண் பத்திரிகையாளரக் கேவலமாக் கதைச்சதுக்கு, அடுத்த வருசம் ஒஃப்கொம் குற்றம் கண்டது சேனல்லதான், நிகழ்ச்சி நடத்தினவர் அத ஒழுங்கா மறுத்துக் கதைக்கேல்ல எண்டதையும் சேர்த்துப் பாத்தாங்க. எங்கட கேஸில அறிவிப்பாளர் சிரிச்சது அதே கணக்குத்தான். இந்தியாவில சேனல்களே வச்சிருக்கிற அமைப்பு ஒரு லட்சம் ரூபாக்கு மேல அபராதம் போடேலாம இருந்தது, அது காணாது எண்டு 2023ல உச்ச நீதிமன்றமே சொல்லிச்சு. இலங்கையில பேப்பர் எண்டாப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்கு எழுதலாம், 2003ல பத்திரிகைக்காரரே சேர்ந்து தொடங்கினது. டீவி, ரேடியோவுக்கு அப்பிடிச் சுயாதீனமா ஒண்டுமில்ல, தனியார் சேனல் லைசன்ஸ் எல்லாம் 1966, 1982 சட்டங்களின்ர கீழ அமைச்சர்ட கையிலதான்.

அதுக்காக அரசாங்கத்திட்ட எல்லாத்தையும் குடுங்க எண்டு நான் சொல்லவே மாட்டன். 1997ல ஒலிபரப்பு அதிகாரசபை எண்டு சட்டமூலம் கொண்டுவந்தாங்க, அது சுயாதீனமில்ல எண்டு உச்ச நீதிமன்றம் நிப்பாட்டிச்சு. 2019 மே மாசம் ஒரு சிங்களப் பேப்பர் முன்பக்கத்தில, ஒரு முஸ்லிம் டொக்டர் 4000 சிங்களப் பொம்பளைகளுக்குப் பிள்ளை பிறக்காமச் செய்துட்டார் எண்டு போட்டுது, ஆதாரமில்ல எண்டு சிஐடியே பிறகு கோர்ட்டில சொன்னாங்க. வெறுப்புப் பேச்சுக்கு 2007ல இருந்து சட்டம் இருக்கு, ஆனா 2019 ஏப்ரலில அந்தச் சட்டத்தில உள்ளுக்குப் போனது ஒரு சிறுகதை எழுதின மனுசன். அதோட நாங்க திருகோணமலை ஆக்கள். கடற்கரையில கொல்லப்பட்ட அஞ்சு மாணவர்களின்ர படத்த வெளிய கொண்டுவந்த பத்திரிகையாளர் சுகிர்தராஜன 2006 ஜனவரியில இந்த ஊரிலதான் சுட்டாங்க. ஊடகத்தின்ர வாயப் பூட்டுற சாவி அதிகாரத்திட்டப் போனா முதல்ல யார்ட வாய் பூட்டப்படும் எண்டு எங்களுக்குத் தெரியும்.

எனக்கு வேண்டியது, அமைச்சருக்குக் கீழ இல்லாத ஒரு ஆணைக்குழு, கேவலப்படுத்தின அதே நிகழ்ச்சியில அதே நேரத்தில கம்பெனி தன்ர பேரில மன்னிப்புக் கேக்கணும் எண்ட விதி, திரும்பத் திரும்பச் செய்தா லைசன்ஸில கை வைக்கிற அதிகாரம். அது வரும்வரைக்கும், கேட்டவருக்குச் சொல்றன், திகதியும் நேரமும் உடனே குறிச்சு வைங்க, ஏலுமெண்டா போன்ல ரெக்கோர்ட் பண்ணுங்க, ஏனெண்டா ரேடியோவில போனத திரும்பக் கேக்கேலாது. கடிதத்த அறிவிப்பாளருக்கு எழுதாதீங்க, கம்பெனிப் பணிப்பாளருக்கு எழுதி, ஒரு பிரதிய அனுசரணை குடுக்கிறவங்களுக்கு அனுப்புங்க, பதிவுத் தபாலில.