கணவாய் மை: நாற்றமும் நிறமும்

ஐயா,

நிறமிகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கணவாய் மீனின் மையில் செபியா என்னும் பழுப்பு நிறமி செய்து பார்த்தேன். மைப்பையைப் பிழிந்து, காயவைத்து அரைத்தேன். ஒரே வாரத்தில் நாறுகிறது. பிசினில் குழைத்தால் கட்டி தட்டுகிறது. நிறமும் பழைய புகைப்படங்களின் பழுப்பாக இல்லை, வெறும் கறுப்பு. எங்கே தப்பு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் காயவைத்தது பைக்குள் இருந்த எல்லாவற்றையும். மையில் மெலனின் என்ற கருநிறமியின் துகள்களோடு சளியும் புரதமும் கலந்திருக்கின்றன. நாறுவது புரதம், கட்டி தட்டுவது சளி. நிறமியைக் கணவாயே தூளாகத்தான் வைத்திருக்கிறது. நமக்கு மிச்சம் கழுவும் வேலைதான்.

அதுதான் பெரும்பாடு. ஒரு மில்லிமீட்டரை 10,000 பங்காக்கினால் அதில் ஒன்றிரண்டு பங்குதான் ஒரு துகள். வடிதாளில் நிற்காது, தண்ணீரில் லேசில் படியாது. பையைப் பிழியாமல் நுனியில் கீறி வழியவிடுங்கள். நிறையத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடித்து, கொஞ்சம் வினிகர் விடுங்கள். அமிலம் பட்டால் துகள்கள் திரண்டு அடியில் இறங்கும். மேல்நீரை இறுத்துவிட்டு மறுபடி தண்ணீர். நான் ஏழெட்டு முறை கழுவுவேன். போதுமா என்பதை மூக்குதான் சொல்லும். பிறகு காயவைத்து, கல்வத்தில் பொறுமையாக அரைக்க வேண்டும். அந்தக் காலத்து வண்ணக்காரர்கள் மையைக் காஸ்டிக் சோடா போன்ற கடுங்காரத்தில் கரைத்து, வடித்து, அமிலம் விட்டுப் படியவைத்தார்கள். சுத்தமான முறைதான், ஆனால் கடுங்காரம் கண்ணைப் பறித்துவிடும். வீட்டில் வேண்டாம்.

இங்கிலாந்தின் லைம் ரெஜிஸில் எலிசபெத் ஃபில்பாட் என்ற புதைபடிவச் சேகரிப்பாளர் ஜுராசிக் காலப் புதைபடிவ மைப்பையின் மையைத் தண்ணீரில் குழைத்து, 1833இல் இக்தியோசார் என்னும் அழிந்துபோன கடல் ஊர்வனத்தின் மண்டையோட்டை வரைந்தார். அவருக்குக் கழுவும் வேலையைக் காலமே முடித்துக் கொடுத்திருந்தது!

நிறத்துக்கு வருவோம். பழைய புகைப்படத்தின் பழுப்புக்கும் கணவாய்க்கும் சம்பந்தமே இல்லை. படத்திலுள்ள வெள்ளியைக் கந்தகம் சேர்த்து வெள்ளி சல்ஃபைடாக மாற்றினால் வரும் பழுப்பு அது; பெயர் மட்டும் ஓவியர்களிடம் வாங்கிய கடன். உங்கள் கறுப்பில் குறையில்லை. தண்ணீர் தாராளமாக விட்டு வெள்ளைத் தாளில் மெல்லப் பூசுங்கள், பழுப்பு தெரியும். படத்தை வெயில் படும் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள், மெல்லிய பூச்சு வெளிறிவிடும்.