ஸ்கேனில் தெரிந்த நீர்க்கட்டி மட்டும்தான் காரணமா?

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. ஓராண்டாகச் சென்னையில் விடுதியில் தங்கி இரவுப் பணி பார்க்கிறாள். மாதந்தோறும் ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிடாய் இப்போது 45 நாள், 70 நாள் என்று தள்ளிப்போகிறது. எடையும் 9 கிலோ கூடிவிட்டது. ஸ்கேனில் சினைப்பையில் நீர்க்கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். நாள் தள்ளும்போதெல்லாம் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறேன். ‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்கிறார்கள் உறவினர்கள். அவளுக்குக் குழந்தை பிறக்குமா?
— ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அன்புச் சகோதரி, உங்களைத் தூங்கவிடாத கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். நீர்க்கட்டி உள்ள பெண்களில் பெரும்பாலோர், சிலர் இயல்பாகவும் சிலர் சிகிச்சையின் துணையோடும், தாயாகிறார்கள். அந்தப் பயத்தை இறக்கி வைத்துவிட்டுக் காரணத்தைத் தேடுவோம்.

கருமுட்டை வெளிவந்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மாதவிடாய் வரும். ஆகவே நாள் தள்ளுகிறது என்றால், பெரும்பாலும் முட்டை முதிர்ந்து வெளிவருவது தாமதமாகிறது அல்லது நின்றுபோயிருக்கிறது என்று பொருள். ஸ்கேனில் தெரிபவை அப்படி வளர்ச்சி பாதியில் நின்ற, 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவேயுள்ள முட்டைப் பைகள். அறுத்து எடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல. எந்தக் குறையும் இல்லாத இளம்பெண்களுக்கும் இவை தெரிவதுண்டு. அதனால்தான் 2003இல் ராட்டர்டாம் நகரில் கூடிய வல்லுநர்கள், ஒருவருக்கு நீர்க்கட்டி நோய் (பி.சி.ஓ.எஸ்.) என்று முடிவு செய்ய, ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் இத்தகைய தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், இதே அறிகுறிகளைத் தரும் பிற நோய்களும் இல்லையென்று உறுதிசெய்ய வேண்டும் என்று வரையறுத்தார்கள்.

மகளின் பின்கழுத்தை ஒருமுறை பாருங்கள். அங்கே வெல்வெட்டுத் துணிபோலத் தடித்த கறுமை படர்ந்திருந்தால், அது பெரும்பாலும் இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் அடையாளம். அழுக்கு என்றெண்ணிப் பீர்க்கங்காய் நாரால் தோல் சிவக்கத் தேய்த்துவிட்டு வரும் பெண்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கும். கூடுதலாகச் சுரக்கும் இன்சுலின், சினைப்பையை ஆண் ஹார்மோனை அதிகம் சுரக்கத் தூண்டுகிறது. முகப்பருவும் தாடையில் முடியும் அதன் விளைவே. அதிக எடை உள்ளவர்கள் உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வருகிறது. இரவுப் பணியும் கெட்ட தூக்கமும் வேளை தவறிய உணவும் இதை மோசமாக்கக்கூடும் என்பதால், பணி நேரத்தை மாற்ற முடியுமா என்றும் அவள் கேட்டுப் பார்க்கட்டும்.

தைராய்டு குறைந்தாலும் எடை கூடி நாள் தள்ளும். தாய்ப்பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோன் மிகுந்தாலும் நாள் தள்ளும். வாந்திக்குத் தரும் சில மாத்திரைகளும் மனநல மருந்துகள் சிலவும்கூட அதை உயர்த்தும். ஆகவே இவ்விரண்டுக்கும் சர்க்கரைக்கும் இரத்தப் பரிசோதனை அவசியம். கர்ப்பப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள். நாள் தள்ளிய எந்தப் பெண்ணுக்கும் அது வழக்கமான முதற்படி. உங்கள் மகளைச் சந்தேகிப்பதாக எண்ணி வருந்தாதீர்கள்.

கடை மாத்திரையைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அதை நிறுத்திய சில நாளில் வரும் உதிரப்போக்கு மருந்தின் விளைவு. முட்டை வெளிவந்ததன் அடையாளம் அன்று. அது காரணத்தை மூடி மறைத்துவிடும். அதற்காக, வரும்போது வரட்டும் என்று விட்டுவிடவும் கூடாது. மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராமலே இருந்தால் கருப்பையின் உட்சுவர் தடிக்கும். ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டால் புற்றுநோய்க்கும் வழிவகுக்கலாம். அப்படித் தடிக்காமல் தடுக்க, தேவைப்பட்டால் மருத்துவரே அளவறிந்து அதே வகை மாத்திரையைத் தருவார்.

திருமணம் இதற்கு மருந்தாகாது. ஹார்மோனில் உள்ள கோளாறு தாலி கட்டியதும் மாறுவதில்லை. சிகிச்சைதான் தள்ளிப்போகும், பழியும் புதுப்பெண் மீது விழும்.

கடந்த ஆறு மாதத் தேதிகளையும், சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிறிது நேரம் மகள் அவரிடம் தனியே பேசட்டும். நீங்கள் வெளியே அமர்ந்திருங்கள். இடையில் மணிக்கொரு நாப்கின் நனையும் அளவுக்கு உதிரம் போனால், அந்தச் சந்திப்புக்காகக் காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.