சிப்காட் பக்கம் மெஸ் போடலாமா? புரோக்கர் சொல்ற "பகல் கூட்டம்" கணக்கு நிஜமா?

பாலக்கோட்டுல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. ஓசூர்ல சிப்காட், அதாவது சர்க்கார் தொழிற்பேட்டை, இருக்கற மூக்கண்டப்பள்ளி பக்கம் மதிய சாப்பாடு மெஸ் போட ஒரு கடை பாத்து வச்சிருக்காங்க. "சென்சஸ்ல கம்மியாதான் காட்டும், பகல்ல இங்க லட்சம் பேர் இருக்காங்க"ன்னு புரோக்கர் சொல்றாராம், மூணு லட்சம் அட்வான்ஸ் கேக்கறாராம். அந்த லட்சம் பேர் கணக்கை எப்படி சரி பாக்கறதுன்னு கேள்வி.

அவர் சொன்னதுல முதல் பாதி உண்மைதாங்க. சென்சஸ் ஆளுங்களை குடியிருக்கற வீட்டை வச்சு எண்ணும், அதாவது ராத்திரி எங்க படுக்கறாங்களோ அங்க. உங்க வீட்டுக்காரர் தினமும் ஓசூர் போய் வேலை பாத்துட்டு வந்தாலும் கணக்குல அவர் பாலக்கோட்டு ஆளுதான். பகல் கணக்கு வேணும்னா அங்க குடியிருக்கறவங்களோட வெளியூர்ல இருந்து வேலைக்கு வர்றவங்களை கூட்டணும், அங்கிருந்து வெளிய வேலைக்கு போறவங்களை கழிக்கணும், அவ்வளவுதான். ஆனா புரோக்கர் வாயில கூட்டல் மட்டும்தான் வரும். காலைல ஓசூர் பஸ் ஸ்டாண்டுல போய் நில்லுங்க, கர்நாடகாவுல இருக்கற அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் போற பஸ்ல படியில தொங்கிக்கிட்டு போறாங்களே, அவங்கல்லாம் கழிக்க வேண்டிய ஆளுங்க.

இப்ப ஷிப்டுக்கு வரேன், ஏன்னா இதுலதான் எல்லாரும் ஏமாறாங்க. ஒரு கம்பெனில 900 பேர்னு வச்சிக்குங்க, புரோக்கர் 900ஐயும் அப்படியே பகல் கணக்குல போடுவார். மூணு ஷிப்டும் சமமா இருந்தா ஒரு நேரத்துல உள்ள இருக்கறது 300 பேர்தான், நைட் ஷிப்ட் முடிஞ்சு காலைல 6 மணிக்கு போனவங்க மத்தியானம் ரூம்ல தூங்கிக்கிட்டு இருப்பாங்க. மதியம் ரெண்டு மணிக்கு ஒரு ஷிப்ட் உள்ள போய் இன்னொன்னு வெளிய வர்ற அந்த அரைமணி நேரம் மட்டும் 600 பேர் தெரிவாங்க. புரோக்கர் உங்களை கடை பாக்க கூட்டிட்டு போனது எத்தனை மணிக்குன்னு கொஞ்சம் யோசிச்சு பாருங்க. ரெண்டு மணியா இருந்தா அது தற்செயல் இல்லைங்க. நான் ஒரு கம்பெனி கேட்டுக்கு எதிர டீக்கடை பெஞ்சுல நோட்டு வச்சிக்கிட்டு எண்ணியிருக்கேன், கழுத்துல ஐடி கார்டோட கூட்டமா வெளிய வந்தாங்க, நேரா கம்பெனி பஸ்ல ஏறிட்டாங்க, பத்து நிமிஷத்துல ரோடு காலி. டீ குடிக்க நின்னது ஏழு பேர்.

இன்னொன்னு, 250 பேருக்கு மேல வேலை செய்யற ஃபேக்டரில கேண்டீன் வைக்கணும்னு 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே இருந்துச்சு, 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த புது சட்டத்துல அது 100 பேர்னு ஆயிடுச்சு. அதனால பெரிய கம்பெனி ஆளுங்க எத்தனை ஆயிரம் உள்ள இருந்தாலும் மதிய சாப்பாட்டுக்கு உங்க கடைக்கு வர மாட்டாங்க. உங்களுக்கு சோறு போடறது சின்ன பட்டறை, லாரி டிரைவர், லோடுமேன், இவங்கதான். இவங்க எந்த ரிப்போர்ட்லயும் இருக்க மாட்டாங்க.

சர்க்கார் கணக்கு உதவுமான்னா, சொல்லவே எரிச்சலா இருக்கு. கையில இருக்கற சென்சஸ் 2011 தான், அதுல ஓசூர் 1,16,821 பேர், ஆனா அப்ப மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி எல்லாம் நகராட்சி எல்லைக்கு வெளிய இருந்துச்சு, அதனால அந்த நம்பர் உங்க கடைக்கு ஒட்டவே ஒட்டாது. அதே 2011ல வேலைக்கு எவ்வளவு தூரம், எதுல போறீங்கன்னு கேட்டாங்க, எந்த ஊருக்கு போறீங்கன்னு கேக்கலை! அந்த ஒரு கேள்வி இருந்திருந்தா இன்னிக்கு புரோக்கர் வாயைப் பாத்துக்கிட்டு நிக்க வேண்டியதில்லை. அடுத்த கணக்குக்கு தேதி 2027 மார்ச் 1, நீங்க அதுவரைக்கும் காத்திருக்க முடியாது.

அதனால நீங்களே எண்ணுங்க. செவ்வாய், புதன் ரெண்டு நாள் போங்க, பொங்கல், ஆயுத பூஜை பக்கத்துல வேண்டாம், ஞாயித்துக்கிழமையும் வேண்டாம். பன்னெண்டரைல இருந்து ரெண்டரை வரைக்கும் ஒவ்வொரு மணிக்கும் 15 நிமிஷம் எண்ணி நாலால பெருக்குங்க. பஸ்ல, பைக்ல போறவங்களை விட்டுடுங்க, நடந்து வர்றவங்களை மட்டும் கோடு போடுங்க, அதுல பக்கத்து சாப்பாட்டு கடைக்குள்ள நுழையறவங்களுக்கு தனி கோடு. பொம்பளைங்க தனியா நிக்க கஷ்டம், தம்பியையோ அண்ணனையோ கூட கூட்டிட்டு போங்க. யார் மொபைல் எந்த இடத்துல இருந்துச்சுங்கற டேட்டா வச்சு கலர் மேப் போட்டு "சர்வே ரிப்போர்ட்" விக்கறவங்க கிட்ட பத்தாயிரம் குடுத்துடாதீங்க, ரோட்டுல பஸ்ல போன ஃபோனும் அதுல ஆளாதான் தெரியும்.

மதியம் கூட்டம் தேறலைன்னா மனசை விட்றாதீங்க, பின்னாடி தெருக்கள்ல பசங்க நாலஞ்சு பேரா ரூம் எடுத்து தங்கியிருப்பாங்க, ஒரு நாள் ராத்திரி ஏழரைக்கு மேல அங்கயும் எண்ணிப் பாருங்க, சப்பாத்தி, இட்லிக்கு அவங்கதான் ஆளு, அந்தப் பக்கம் வாடகையும் கம்மியா கேப்பாங்க. எண்ணி முடிக்கற வரைக்கும் டோக்கன்னு சொல்லி ஆயிரம் ரூபா கூட குடுக்காதீங்க. "வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க"ன்னு அவர் அவசரப்படுத்தினா, அந்தப் பார்ட்டிக்கே குடுக்கச் சொல்லுங்க.