ஏறி இறங்கி ஓடும் வாட்டர் பம்ப்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐந்தரை குதிரைவலு பெற்றோல் வாட்டர் பம்ப். புகை தள்ளியதால் வீட்டில் வைத்தே கழற்றி, புது பிஸ்டன் றிங்ஸ் போட்டுப் பூட்டினேன். புகை நின்றுவிட்டது. ஆனால் ஒரே சீராக ஓடாமல் 'வூம்… வூம்…' என்று ஏறி இறங்குகிறது. சோக்கைப் பாதி மூடினால் சரியாகிறது. கார்பரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?
– களுதாவளை வாசகர்

பதில்: காசைக் கையிலேயே வைத்திருங்கள். விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சோக்கை மூடினால் காற்று குறையும். அப்போது சீராகிறது என்றால், மற்ற நேரத்தில் எஞ்சினுக்குள் காற்று கூடிப் பெற்றோல் குறைந்து போகிறது. பெற்றோல் போதாமல் வேகம் விழும், வேகத்தைச் சீராகப் பிடிக்கும் கவர்னர் உடனே கலவை போகும் வாசலான திரொட்டிலைத் திறக்கும், வேகம் பாயும், கவர்னர் திரும்ப மூடும். அந்த இழுபறிதான் உங்களுக்குக் கேட்கும் சத்தம்.

கழற்றிப் பூட்டிய பிறகு வந்த குறை என்பதால் முதலில் பூட்டிய இடத்தைப் பாருங்கள். ஹெட்டுக்கும் கார்பரேட்டருக்கும் நடுவே கறுப்பு நிறத்தில் ஒரு தடுப்புக் கட்டை, அதன் இரு பக்கமும் ஒவ்வொரு கேஸ்கட். அந்த இரண்டு கேஸ்கட்டும் ஒரே வெட்டு அல்ல, இடம் மாறினால் காற்று ஒழுகும். கட்டையில் கோடு வெட்டிய முகம் கார்பரேட்டர் பக்கம் வரவேண்டும். எஞ்சின் ஓடும்போது ஒரு சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து அந்தப் பொருத்துகளில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சத்தம் மாறினால் ஒழுக்கு அங்கேதான். சிலர் இதைப் பெற்றோலால் பார்ப்பார்கள். சைலன்சர் பக்கத்தில் கொதித்துக்கொண்டிருக்கும்போது அது வேண்டவே வேண்டாம். நட் இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை மட்டும் முறுக்கினால் கட்டை வெடித்துவிடும்.

ஒழுக்கு இல்லையென்றால் பைலட் ஜெட்டை, அதாவது மெதுவாக ஓடும்போது பெற்றோல் விடும் சிறு துவாரத்தைப் பாருங்கள். ஐடில் திருகைக் கழற்றினால் அதன் கீழே தலை பிளாஸ்டிக்கில் உள்ள சிறு ஜெட் ஒன்று இருக்கும். இழுத்தால் வரும். வெளிச்சத்தில் பிடித்தால் மயிரளவு ஓட்டை தெரிய வேண்டும். அடைத்திருந்தால் மின் வயரில் இருந்து ஒரு செப்பு இழை போதும். ஊசி போட்டால் ஓட்டை பெருத்துவிடும், பிறகு அந்த ஜெட் உதவாது.

இன்னும் ஏறி இறங்கினால் கவர்னர் கம்பியோடு சேர்ந்து போகும் மெல்லிய சுருள் இருக்கிறதா பாருங்கள். கழற்றும்போது மணலில் விழுந்து காணாமல் போகும் பொருள் அது. அதுவும் இருந்தால், கவர்னர் கையின் நட்டைத் தளர்த்தி, திரொட்டில் முழுதும் திறக்கும் பக்கம் கையைத் தள்ளிப் பிடித்து, உள்ளே போகும் அச்சையும் அதே பக்கம் முடியுமட்டும் திருப்பி நட்டை இறுக்குங்கள்.

கேள்வி: ஹெட் கழற்றிப் பூட்டியதில் இருந்து கயிறு இழுக்கவே முடியவில்லை. சில நேரம் கையைப் பறித்துக்கொண்டு திரும்ப ஓடுகிறது.
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: இரண்டும் இரண்டு குறை. இழுக்கக் கனமாக இருப்பதற்கு புகை வெளியேறும் எக்ஸோஸ்ட் வால்வுக்கும் அதை அழுத்தும் ரொக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடியிருக்கலாம். இந்த வகை எஞ்சினில் கயிறு இழுக்கும் வேகத்தில் வால்வுகளைத் திறக்கும் காம் அச்சில் உள்ள சிறு துண்டு ஒன்று எக்ஸோஸ்ட் வால்வைச் சற்றே தூக்கி அழுத்தத்தைக் குறைக்கும். இடைவெளி கூடினால் அந்தத் தூக்கு வால்வுக்கு எட்டாது. எஞ்சின் ஆறிய பிறகு, பிஸ்டன் மேலே நின்று இரு ரொக்கரும் தளர்ந்திருக்கும் நிலையில், பீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டால்) இன்லெட் 0.15 மி.மீ., எக்ஸோஸ்ட் 0.20 மி.மீ. வையுங்கள். பிஸ்டன் மேலே நிற்கும் நிலை இரண்டு உண்டு. ரொக்கர் ஒன்றாவது இறுகியிருந்தால் அது தவறான நிலை, பிளைவீலை (எஞ்சினின் கனச் சக்கரத்தை) இன்னொரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள்.

கையைப் பறிப்பது பொறி முந்தி விழுவதால். பிளைவீலைக் கழற்றி, அதை அச்சோடு பொருத்தி நிறுத்தும் சிறு உலோகத் துண்டான சாவியைப் பாருங்கள். நட் இறுகாமல் ஓடினால் அது பாதி வெட்டுப்பட்டு பிளைவீல் சற்றே நகர்ந்திருக்கும். புதுச் சாவி விலை குறைவு, பழையதைத் தட்டி நேராக்கிப் போடாதீர்கள். ஹெட் போல்ட் நான்கையும் குறுக்காக, இரண்டு மூன்று சுற்றில், 24 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினீர்களா என்பதையும் ஒரு தரம் பாருங்கள்.

கேள்வி: சிறுபோகத்தில் வாய்க்காலில் இருந்து வயலுக்கு இறைக்கிறேன். இருபது நிமிடம் ஓடி நின்றுவிடும், கொஞ்சம் ஆறவிட்டால் திரும்ப ஓடும்.
– நிந்தவூர் வாசகர்

பதில்: நின்ற உடனே பெற்றோல் தாங்கி மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத் துவாரம் சேற்றால் அடைத்திருக்கிறது; கழுவி ஊதினால் முடிந்தது. மூடி சரியென்றால், நின்ற சூட்டோடு பிளக்கைக் கழற்றிப் பொறி பாருங்கள், பெற்றோல் வாடை இல்லாத இடத்தில். பொறி இல்லாமல் ஆறிய பின் வந்தால், பொறிக்கு மின்சாரம் தரும் கொயில் போய்விட்டது. கொயில் மாற்றும்போது பிளைவீலுக்கும் அதற்கும் 0.4 மி.மீ. இடைவெளி. வரம்பில் சாய்த்து வைத்து ஓட்டினால் ஒயில் குறைவைக் காட்டும் ஒயில் சுவிட்சும் எஞ்சினை நிறுத்தும், மட்டமான பலகையில் வையுங்கள்.

கேள்வி: பெற்றோலில் பாதி மண்ணெண்ணெய் கலக்கலாமா?
– வாழைச்சேனை வாசகர்

பதில்: பெற்றோல் எஞ்சினுக்கு வேண்டாம். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலில் கலந்து அதைத் தண்ணியாக்கும். பிறகு றிங்ஸும் பெயாரிங்கும் போகும். மண்ணெண்ணெய்க்கென்றே செய்த எஞ்சின் வேறு. அதைப் பெற்றோலில் தொடங்கிச் சூடானபின் மாற்றி, நிறுத்துவதற்கு முன் திரும்பப் பெற்றோலில் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் கார்பரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி மறுநாள் ஸ்டார்ட் ஆகாது.

கேள்வி: எஞ்சின் முழு வேகத்தில் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை.
– தேற்றாத்தீவு வாசகர்

பதில்: எஞ்சினைத் தொடாதீர்கள். முதலில் பம்ப் உடலில் தண்ணீர் நிரப்பி மூடுங்கள்; காய்ந்து ஓடினால் சீல் கருகும். பிறகு உறிஞ்சு குழாயின் கிளிப்பையும் றப்பர் வொஷரையும் பாருங்கள், அங்கே காற்று இழுத்தால் எவ்வளவு ஓடினாலும் தண்ணீர் ஏறாது. அடி வடிகட்டி தண்ணீரில் முழுதும் மூழ்கி, மணலில் இருந்து ஒரு சாணாவது உயர்ந்து தொங்க வேண்டும். உங்கள் பக்கத்துக் கிணறுகள் ஆழம் குறைந்தவை, உறிஞ்சும் உயரம் தடையாக வராது. ஏழு எட்டு மீட்டர் தாண்டினால்தான் இந்தப் பம்ப் திணறும்.