கவுண்டி அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது? டெக்சாஸ் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கவுண்டி (மாநிலத்துக்குள் நம் ஊர் மாவட்டம் போன்ற பிரிவு) நிர்வாகம் பற்றி டெக்சாஸ் தமிழ் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். கேள்விகள் வேறு வேறு என்றாலும் அடியில் இருக்கும் குழப்பம் ஒன்றுதான். கவுண்டிக்கு ஒரு மேலதிகாரி இருப்பார், அவரிடம் மனு கொடுத்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று நினைத்துக்கொண்டு போகிறோம். அப்படி ஒருவர் இங்கே கிடையாது.

கவுண்டி ஜட்ஜ் என்பவர் நம் ஊர் கலெக்டர் மாதிரியா? ஷெரிஃப் அவருக்குக் கீழே வருகிறாரா? (ரவுண்ட் ராக் வாசகர்)

இரண்டுக்கும் என் பதில் ‘இல்லை’தான். கலெக்டரை அரசு நியமிக்கிறது. கவுண்டி ஜட்ஜை மக்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவரும் நான்கு கமிஷனர்களும் சேர்ந்த ஐவர் குழுதான் கமிஷனர்ஸ் கோர்ட். பட்ஜெட், கவுண்டியின் வரி விகிதம், சாலை, பாலம், ஒப்பந்தங்கள் எல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. கூட்டத்தை நடத்துபவர் ஜட்ஜ். ஆனால் ஐந்தில் ஒரு ஓட்டுதான் அவருக்கு. பெரிய கவுண்டிகளில் அவருக்கு நிர்வாகமே முழுநேர வேலை. சின்ன கவுண்டிகளில் உயில் விவகாரங்களையும் சிறு குற்ற வழக்குகளையும் அவரே விசாரிப்பார். வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

ஷெரிஃப் (கவுண்டி போலீஸின் தலைவர்), கவுண்டி கிளார்க் (பதிவு அலுவலர்), டிஸ்ட்ரிக்ட் கிளார்க் (மாவட்ட நீதிமன்றப் பதிவு அலுவலர்), வரி வசூல் அலுவலர் (டாக்ஸ் அசெஸர்), அரசு வழக்கறிஞர் எல்லோரும் தனித்தனியே தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள். ஜட்ஜால் அவர்களை வேலையை விட்டு அனுப்ப முடியாது. கமிஷனர்ஸ் கோர்ட்டின் கையில் இருக்கும் ஒரே பிடி பணம். ஒரு டெபுட்டி (ஷெரிஃபின் காவலர்) மரியாதைக்குறைவாக நடந்தார் என்றால் புகார் ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போக வேண்டும். உங்கள் பகுதிக்கு ரோந்து வண்டி போதவில்லை என்றால் கமிஷனரிடமும் பேசுங்கள், ஏனென்றால் ஆள் எடுக்கப் பணம் ஒதுக்குவது அவர் இருக்கும் கமிஷனர்ஸ் கோர்ட்தான்.

அதிகாரத்தை இப்படிப் பிரித்து வைத்தது டெக்சாஸின் 1876 அரசியல் சாசனம். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ஆட்சியில் அதிகாரம் ஓரிடத்தில் குவிந்ததைப் பார்த்துச் சலித்தவர்கள் எழுதியது அது. 2020 கணக்கெடுப்பில் 47 லட்சம் பேர் இருந்த ஹாரிஸ் கவுண்டிக்கும், 64 பேர் மட்டுமே இருந்த லவிங் கவுண்டிக்கும் அடிப்படை அமைப்பு ஒன்றேதான். மாநிலத்தின் 254 கவுண்டிகளும் இப்படித்தான்.

தேர்தலில் வராத ஒருவரையும் சொல்லிவிடுகிறேன்: கவுண்டி ஆடிட்டர். அவரை நியமிப்பது மாவட்ட நீதிபதிகள், கமிஷனர்கள் அல்ல. அவர் பார்த்து ஒப்புக்கொள்ளாத பில்லுக்குக் கமிஷனர்ஸ் கோர்ட் பணம் கொடுக்க முடியாது. எனக்கு இந்த அமைப்பிலேயே மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

வீட்டு மதிப்பைத் தாறுமாறாக ஏற்றிவிட்டார்கள். டாக்ஸ் அசெஸர் அலுவலகத்துக்குப் போனால் ‘இது எங்கள் வேலை இல்லை’ என்கிறார்கள். பெயரிலேயே மதிப்பீடு இருக்கிறதே? (ஃப்ரிஸ்கோ வாசகி)

அவர்கள் சொன்னது சரிதான். மதிப்புப் போடுவது அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட் என்ற தனி அமைப்பு. அது கவுண்டி அரசின் ஒரு துறை அல்ல. வரி விகிதத்தை வைப்பவர்கள் வேறு: பள்ளி மாவட்டம் (அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி அமைப்பு), நகரம், கவுண்டி, சமுதாயக் கல்லூரி என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு வைக்கும். பெரும்பாலான பில்களில் பெரிய தொகை பள்ளிக்குத்தான். இவர்கள் எல்லோரும் முடித்த பிறகு பில் அனுப்பிப் பணம் வாங்குவதுதான் டாக்ஸ் அலுவலகத்தின் வேலை. அதே அலுவலகம்தான் உங்கள் கார் பதிவையும் பார்க்கிறது.

ஃப்ரிஸ்கோவில் இன்னொரு சிக்கல் உண்டு. ஊரின் ஒரு பகுதி காலின் கவுண்டியிலும் மறு பகுதி டென்டன் கவுண்டியிலும் இருக்கிறது. யாரோ சொன்ன அலுவலகத்துக்குப் போகாமல் உங்கள் மதிப்பீட்டு நோட்டீஸில் இருக்கும் பெயரைப் பாருங்கள்.

ஆட்சேபம் தெரிவிக்க மே 15 வரை, அல்லது நோட்டீஸ் அனுப்பியதிலிருந்து 30 நாள், இரண்டில் எது பின்னால் வருகிறதோ அதுவரை நேரம் உண்டு. கட்டணம் இல்லை. முதலில் மதிப்பீட்டாளரோடு பேசலாம். ஒத்துவரவில்லை என்றால் உள்ளூர்க்காரர்கள் அடங்கிய மறுஆய்வுக் குழு முன் போகலாம். வெறும் கையோடு போகாதீர்கள். டெக்சாஸில் வீடு விற்ற விலை பொதுப் பதிவில் வராது. அதனால் அதே தெருவில், அதே அளவு வீடுகள் விற்ற விவரத்தை ஒரு ரியல் எஸ்டேட் முகவரிடம் வாங்குங்கள். அஸ்திவார விரிசல், கூரைச் சேதம் இருந்தால் படமும் பழுதுபார்க்கும் மதிப்பீடும் வேண்டும். ‘வரி கட்ட முடியவில்லை’ என்ற வாதம் அங்கே எடுபடாது. மதிப்பு தவறு என்று காட்ட வேண்டும்.

நீங்களே குடியிருக்கும் வீடு என்றால் ஹோம்ஸ்டெட் விலக்கு (சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகை) வாங்கிவிட்டீர்களா என்று பாருங்கள். அது இருந்தால், புதிதாகக் கட்டிய பகுதி தவிர, வரிக்கு உட்படும் மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது. விலக்கு பெற்றதற்கு அடுத்த ஆண்டிலிருந்து இது பொருந்தும். வரி கட்டக் கடைசி நாள் ஜனவரி 31. பிப்ரவரியில் கட்டினாலே அபராதமும் வட்டியுமாக 7 சதவீதம் கூடும்.

75,000 பேருக்கு மேல் வாழும் கவுண்டிகளில் அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட் குழுவின் மூன்று இடங்களை 2024 முதல் வாக்காளர்களே நிரப்புகிறார்கள். மதிப்பைப் பற்றிக் கோபப்படும் குடிமக்கள் இந்தத் தேர்தலைத் தவறவிடக் கூடாது.

எச்1பி விசாவில் இருக்கிறேன். ஜூரி அழைப்பு வந்திருக்கிறது. கிழித்துப் போட்டுவிடலாமா? (ஹூஸ்டன் வாசகர்)

கூடாது. ஜூரி என்பது நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் குடிமக்கள் குழு. வாக்காளர் பட்டியலோடு டிரைவர் லைசென்ஸ் பட்டியலையும் சேர்த்துத்தான் பெயர் எடுக்கிறார்கள், அதனால் குடியுரிமை இல்லாதவர்களுக்கும் அழைப்பு வந்துவிடுகிறது. அதில் இருக்கும் தகுதியின்மைப் பகுதியில் ‘அமெரிக்கக் குடிமகன் அல்ல’ என்பதைக் குறித்துக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். பதில் அனுப்பாவிட்டால் 1,000 டாலர் வரை அபராதம் விதிக்க முடியும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். லைசென்ஸ் புதுப்பிக்கும்போது வாக்காளராகப் பதியவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். குடிமகன் என்று தவறாகக் குறித்துவிட்டால் பின்னாளில் குடியேற்ற விஷயத்தில் பெரிய வினையாகிவிடும்.

வாடகை வீட்டைக் காலி செய்தேன். டெபாசிட்டைத் தரவில்லை. போலீஸில் சொல்லலாமா? (பிளேனோ வாசகர்)

போலீஸ் இதில் தலையிடாது. புது முகவரியை எழுத்தில் கொடுத்துக் காலி செய்திருந்தால் 30 நாளுக்குள் பணத்தையோ, பிடித்ததற்கான கணக்கையோ உரிமையாளர் தர வேண்டும். தராவிட்டால் சிறு வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கோர்ட்டுக்குப் போங்கள். 20,000 டாலர் வரையான வழக்குகள் அங்கே நடக்கும், வக்கீல் தேவையில்லை. கெட்ட எண்ணத்தோடு பிடித்துவைத்தார் என்று நிரூபணமானால் அந்தத் தொகையைப் போல் மூன்று மடங்கும், கூடவே 100 டாலரும் கிடைக்கும். சம்மனைக் கொண்டுபோய்க் கொடுப்பவர் பெரும்பாலும் கான்ஸ்டபிள். இங்கே அவரும் தேர்தலில் வந்தவர்தான்.

திருமண லைசென்ஸ்? (ஆஸ்டின் வாசகி)

கவுண்டி கிளார்க். எந்தக் கவுண்டியிலும் வாங்கலாம், இருவரும் நேரில் போக வேண்டும். வாங்கிய பின் பொதுவாக 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும். 90 நாளில் காலாவதியாகிவிடும். இந்தியாவில் காட்டுவதற்கு என்றால் கிளார்க்கிடம் சான்றிட்ட நகல் வாங்கி, ஆஸ்டினில் உள்ள மாநிலச் செயலர் அலுவலகத்தில் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் சான்று) பெறுங்கள்.

எனக்கு ஓட்டு இல்லை. கவுண்டிக் கூட்டத்துக்குப் போய் என்ன ஆகப்போகிறது? (சான் அன்டோனியோ வாசகி)

2025 ஜூலை 4 அதிகாலையில் குவாடலூப் ஆறு பெருக்கெடுத்ததில் கெர் கவுண்டியில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே வெள்ள எச்சரிக்கை அமைப்பு வைப்பது பற்றி 2016-லேயே கமிஷனர்ஸ் கோர்ட்டில் பேசினார்கள். மானியத்துக்கு விண்ணப்பித்தும் பணம் கிடைக்காமல் திட்டம் அப்படியே நின்றுவிட்டது. வெள்ளம், புயல் என்றால் கவுண்டியின் அவசரகால நிர்வாகத்துக்குப் பொறுப்பு கவுண்டி ஜட்ஜ்தான்; மக்களை வெளியேறச் சொல்லும் அதிகாரமும் அவருக்கு உண்டு. ஆனால் அந்த நேரத்தில் கையில் என்ன கருவி இருக்கும் என்பது பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பகல் நேரக் கூட்டத்தில் முடிவாகியிருக்கும்.

பேசுவதற்குக் குடியுரிமை கேட்க மாட்டார்கள். நிகழ்ச்சி நிரலில் உள்ள எந்த விஷயம் பற்றியும் பொதுமக்கள் பேச அனுமதிக்க வேண்டும் என்பது 2019 முதல் சட்டம். நிரலைக் கவுண்டி இணையதளத்தில் முன்கூட்டியே போடுவார்கள். பல கவுண்டிகளில் நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது, அதனால் பட்ஜெட் விசாரணை ஆகஸ்ட், செப்டம்பரில் வரும். உங்கள் தெரு ஓடையோரம் இருந்தால் அந்தக் கூட்டத்துக்குப் போய்ப் பேச்சாளர் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். எச்சரிக்கைக் கருவிக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று உங்கள் கமிஷனரிடம் நேராகவே கேளுங்கள்.